இரண்டு மரை தாண்டி

"இன்ஸ்டால் ஆயிடுச்சு சார், ஆனா ஓப்பன் ஆக மாட்டேங்குது."

அம்பத்தூர் ஓ.டி.க்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே, சி.டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். வைரஸ், உடைந்த திரை, தண்ணீர் கொட்டிய கீபோர்டு எல்லாம் இதற்கு அடுத்துதான். அவற்றிலாவது என்ன ஆச்சு என்று கொண்டுவருபவருக்குத் தெரியும். இதில் அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார். 'நெக்ஸ்ட்' அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்தியிருப்பார். பச்சைக் கோடு கடைசி வரை ஓடியிருக்கும். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று கணினியே சொல்லியிருக்கும். அதன் பிறகு படத்தை இரண்டு முறை தட்டினால் ஒன்றும் நடக்காது. அல்லது ஒரு சின்னப் பெட்டி வந்து, யாருக்கும் புரியாத ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

'ஆயிடுச்சு' என்பதற்கும் 'ஆக மாட்டேங்குது' என்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது?

நிறுவுவது என்பது பெரும்பாலும் சாமான் இறக்குவதுதான். சுருக்கிக் கட்டிய மூட்டையைப் பிரித்து, கோப்புகளை அந்தந்த இடத்தில் வைத்து, மெனுவில் பெயரைச் சேர்த்தால் அந்த வேலை முடிந்தது. மென்பொருள் ஓடுமா என்பது வேறு கேள்வி. எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறக்க, திரையில் எழுத, மணி என்ன என்று கேட்கக்கூட இயங்குதளத்தோடு வரும் பொது நூலகங்களிடம்தான் போய் நிற்கும். விண்டோஸில் 'கெர்னல்32' போன்ற கோப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. லினக்ஸில் பெரும்பாலான கணினிகளில் குனு சி நூலகம், சுருக்கமாக 'ஜிலிப்சி'. வாடிக்கையாளர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கேள்விப்படுவது அது இல்லாமல் போகும் அன்றைக்குத்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு அடிக்கடி போவேன். லேத் நான்கு, கணினியில் ஓடும் மில்லிங் மெஷின் ஒன்று. அந்த மெஷினுக்கு வேலையை அனுப்புவதற்காக ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி, தலையில் ஒரு அங்குல இரும்புத்தூளோடு, இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஒன்பது ஊசி சீரியல் கேபிள் ஒன்று அதிலிருந்து மெஷினுக்குப் போகிறது. அனுப்பும் மென்பொருளின் உரிமம், பின்பக்கம் பிரிண்டர் சொருகும் இடத்தில் செருகிய ஒரு சின்னக் கட்டையில் இருக்கிறது. புதுக் கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. பட்டறைக்கு அது ஒரு செய்தியே இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சம்பளம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவர்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனி, வரைபடங்களைப் புது வடிவத்தில் அனுப்ப ஆரம்பித்தது. அதைத் திறக்க ஒரு மென்பொருளும் சேர்த்துக் கொடுத்தது. நிறுவினார்கள், ஆயிற்று. தட்டினார்கள். 'கெர்னல்32 நூலகத்தில் கெட்-டிக்-கவுன்ட்-64 என்ற நுழைவாயிலைக் காண முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த நீளமான பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண வேலை. கணினியைப் போட்டு எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும் செயல் அது. முன்பிருந்து இதற்கு ஒரு 32 பிட் செயல் இருக்கிறது. அதில் கொள்ளும் எண் சிறியது என்பதால், 49.7 நாள் அணைக்காமல் ஓடினால் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்தக் குறை இல்லாத 64 பிட் செயல், விஸ்டாவோடு வந்தது. விஸ்டா கடைகளுக்கு வந்தது 2007-ல்; எக்ஸ்பி 2001-ஐச் சேர்ந்தது. ஆக, மென்பொருளை எழுதியவர் தப்பு எதுவும் செய்யவில்லை. நல்ல செயலைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் செயல் இல்லாத ஒரு கணினி எஸ்டேட்டில் இரும்புத்தூளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

நான் இதை ஃபோர்மேனிடம் விளக்க முயன்றேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "புரிஞ்சுது தம்பி. அரை இஞ்ச் நட்டுல பன்னெண்டு எம்.எம். போல்ட்டை வெச்சுப் பாரு. உள்ள போகும். ரெண்டு மரை நல்லாவே போகும். அப்புறம் கடிச்சுக்கும். அதான் போகுதேன்னு ஸ்பேனரைப் போட்டு முறுக்குனே, ரெண்டு பக்கமும் மரை போயிடும். அதானே?"

அதேதான். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் பழைய இங்கிலீஷ் மரையில் ஒரு இஞ்சுக்கு 12 சுற்று. மெட்ரிக் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீட்டர். முதல் இரண்டு சுற்றில் அந்த வித்தியாசத்தைத் தொளதொளப்பு தாங்கிக்கொள்ளும். பிறகு தாங்காது. இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது 1956-ல். இஞ்ச் மரை பட்டறைகளை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. இரண்டு காலத்தின் போல்ட்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். எது எந்தக் காலம் என்று தெரிந்த கை இருக்கும் வரை சிக்கல் இல்லை.

அங்கே தீர்வு எளிதாக இருந்தது. எக்ஸ்பியைத் தொடவில்லை. அது மெஷினோடு பேசட்டும். வரைபடம் பார்க்க மட்டும் பக்கத்தில் இன்னொரு பழைய கணினியை வைத்தோம். முதலாளி "எல்லாத்தையும் புதுசா மாத்திடலாமா?" என்றார். "மாத்தலாம்ங்க, அந்தக் கட்டையும் கேபிளும் எங்க சொருகறது?" என்றேன். பேச்சு அதோடு நின்றது.

பருத்திப்பட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு இப்படி எளிதாக முடியவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. படிக்கிறாள். அம்மாவுக்கு எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கையில் இருந்தது அரசு கொடுத்த லேப்டாப். அவளுக்கு வந்தது அல்ல, அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது வந்தது.

அந்த லேப்டாப்புகளுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சரித்திரம் உண்டு. திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது 2011 செப்டம்பர் 15-ல், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில். அன்றைக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அந்த மாவட்டம்தான். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் இரண்டு இயங்குதளம் இருந்தது: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்த இந்திய லினக்ஸ். அதன் வேலை நடந்ததே சென்னையில். பல வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். இப்போது தம்பி தங்கைகளின் கையில் இரண்டாவது வாழ்க்கை வாழ்கிறது. எட்டு பத்து வருடம் ஆன பிறகும் திரையில் முதல்வர் படத்தோடு வரும் லேப்டாப்பை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. அதில் குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023-ல் வந்த 110 ஏறாது. ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது என்பதால், 64 பிட் மென்பொருள் எதற்கும் அதில் இடமில்லை. அண்ணனின் நண்பர் யாரோ 2017-ல் அதை அழித்து உபுண்டு 16.04 போட்டுக் கொடுத்திருந்தார். நல்ல வேலை, அது இல்லாவிட்டால் அந்த லேப்டாப் அப்போதே பரணுக்குப் போயிருக்கும்.

கல்லூரியில் ஒரு பாடத்துக்குக் கட்டாயமான மென்பொருளை பென்டிரைவில் கொடுத்திருந்தார்கள். லினக்ஸுக்கும் ஒரு தொகுப்பு இருந்தது. நிறுவினாள், ஆயிற்று. திறக்கவில்லை. "திங்கக்கிழமை லேப் ரெக்கார்டு வெக்கணும்ண்ணா. வேற யாருகிட்டயோ காட்டுனோம். இது செத்துப்போச்சு, புதுசு வாங்கிடுன்னாரு. அம்மா சீட்டு எடுக்கலாமான்னு யோசிக்கிறாங்க."

டெர்மினலைத் திறந்து அந்த மென்பொருளை அங்கிருந்து ஓட்டச் சொன்னேன். படத்தைத் தட்டும்போது வாயைத் திறக்காத மென்பொருள், டெர்மினலில் கூப்பிட்டால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடும். 'ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை' என்றது. கணினியில் என்ன பதிப்பு இருக்கிறது என்று கேட்டேன்: 2.23.

ஜிலிப்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும், புதிதாக வரும். 2.23 என்பது 2016 பிப்ரவரி, 2.28 என்பது 2018 ஆகஸ்ட். இதில் ஒரு நேர்மையான ஏற்பாடு உண்டு. நூலகத்தில் ஒரு செயலின் நடத்தை மாறினால், பழையதைத் தூக்கி எறிவதில்லை. பழையதைப் பழைய எண்ணோடு வைத்துக்கொண்டு, புதியதைப் புது எண்ணோடு சேர்ப்பார்கள். அதனால் பத்து வருடத்துக்கு முன் செய்த மென்பொருள் இன்றைய நூலகத்தில் ஓடும். தன் காலத்து எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் மட்டும் முடியாது. இன்றைய மென்பொருள் பழைய நூலகத்திடம் வந்து, அது பிறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட்ட புத்தகத்தில் இல்லாத பக்கத்தைக் கேட்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. மென்பொருள் 2.28-ல் வந்த புதுமை எதையும் உண்மையில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. அதைக் கட்டிய கணினியில் 2.28 இருந்தது, பலரும் அன்றாடம் அழைக்கும் ஏதோ ஒரு செயலுக்கு அங்கே அந்த எண் ஒட்டியிருந்தது, அவ்வளவு போதும். 2021 ஆகஸ்ட்டில் வந்த 2.34-ல் இது பெரிதாகவே நடந்தது. ஒரே நேரத்தில் பல இழைகளில் வேலை செய்ய உதவும் தனி நூலகத்தை, முதன்மை நூலகத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். அந்தச் செயல்களுக்குப் புது எண் வந்தது. அதன் பிறகு புதிய கணினியில் கட்டப்பட்ட எத்தனையோ சாதாரண மென்பொருள்கள், காரணமே தெரியாமல் 2.34 கேட்க ஆரம்பித்தன.

கூட வந்திருந்த அண்ணன் கேட்டான்: "அந்த ஒரு ஃபைல மட்டும் புதுசா டவுன்லோடு பண்ணிப் போட்டா போதாதா? வீடியோல அப்படித்தான் சொல்றாங்க." தயவுசெய்து வேண்டாம் என்றேன். கோப்பைப் பட்டியலிடும் கட்டளை முதல் திரையில் தெரியும் கடிகாரம் வரை அந்த நூலகத்தின் மேல்தான் நிற்கின்றன. அதை மட்டும் உருவி வேறொன்றை வைத்தால், பழையதைத் திரும்ப வைப்பதற்கான நகலெடுக்கும் கட்டளைகூட ஓடாது. அடுத்த முறை கணினி எழுந்திருக்கவும் செய்யாது. ஃபோர்மேன் சொன்ன ஸ்பேனர் இதுதான்.

இருந்த வழிகள் மூன்று. முதலாவது, அந்த மென்பொருளின் பழைய பதிப்பு. கல்லூரி கொடுத்த பயிற்சிக் கோப்புகள் அதில் திறக்கவில்லை. இரண்டாவது, ஃபிளாட்பேக் மாதிரி, மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு தூக்கிக்கொண்டு வரும் ஏற்பாடு. அதற்கு அடித்தளமே பல நூறு எம்.பி. இறங்க வேண்டும். அந்த வீட்டில் இணையம் என்பது அம்மாவின் போனில் தினமும் கிடைக்கும் டேட்டா. அதோடு இந்த மென்பொருள் அந்த வடிவத்தில் வரவும் இல்லை. மூன்றாவது, இயங்குதளத்தையே மாற்றுவது.

மூன்றாவதைச் செய்தோம். அந்தக் கணினியின் பிராசஸர் 64 பிட்டைத் தாங்கும். நினைவகம் 2 ஜி.பி.; கடையில் கிடந்த பழைய பலகையிலிருந்து இன்னொரு 2 சேர்த்தேன். அண்ணனின் ஸ்கூல் போட்டோக்களையும், யாரோ ஒருவரின் கல்யாண வீடியோவையும் நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. டெபியன் 12, கனமில்லாத திரை அமைப்போடு. அதில் ஜிலிப்சி 2.36. மென்பொருள் திறந்தது. மெதுவாகத்தான் திறந்தது. அவள் ரெக்கார்டு வைத்துவிட்டாள். அம்மா சீட்டு எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு அதற்குப் பிறகும் மனசு ஆறவில்லை. அந்தத் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தேன். டெபியன் வகைத் தொகுப்பு ஒவ்வொன்றிலும் 'எனக்கு இவையெல்லாம் வேண்டும்' என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. எந்த நூலகம், குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு என்று அங்கே எழுதலாம். கையால் எழுதக்கூட வேண்டாம். மென்பொருளைப் பார்த்துத் தானாகவே கணக்கிட்டு எழுதித் தரும் கருவி டெபியனில் இருக்கிறது. அந்த ஒரு வரி இருந்திருந்தால், 'உன்னிடம் 2.23 இருக்கிறது, எனக்கு 2.28 வேண்டும்' என்று நிறுவும்போதே நின்றிருக்கும். இந்தத் தொகுப்பில் அந்த இடம் காலியாக இருந்தது. அதனால்தான் 'வெற்றி' என்று பொய் சொல்ல முடிந்தது. 'செத்துப்போச்சு, புதுசு வாங்கு' என்று ஒருவர் சொன்னதும் அந்தக் காலி வரியிலிருந்து வந்ததுதான். அந்த வரியின் விலை, ஒரு தையல்காரம்மாவுக்கு ஒரு புது லேப்டாப்பாக ஆகியிருக்கும்.

இது ஏழைகளின் பழைய கணினியில் மட்டும் நடப்பதல்ல. 2022 ஏப்ரலில் வந்த நோட் ஜேஎஸ் 18, தயாராகக் கட்டித் தரும் வடிவத்தில் 2.28 கேட்டது. சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களில் இருந்தது 2.17, உபுண்டு 18.04-ல் 2.27, ஒரே ஒரு படி குறைவு. உலகம் முழுக்க நிறைய சர்வர்களில் அது எழுந்திருக்கவில்லை. 2024 தொடக்கத்தில் விஷுவல் ஸ்டூடியோ கோடின் 1.86 பதிப்பும் அதே 2.28-ஐக் கேட்டது. தொலைவில் உள்ள பழைய சர்வரோடு இணைந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு காலையில் வாசலில் நின்றார்கள். கூச்சல் எழுந்தது. சில நாளில் 1.86.1 வந்தது, ஓர் எச்சரிக்கையோடு, கொஞ்ச காலத்துக்குப் பழைய சர்வர்களையும் அனுமதித்தார்கள். கூச்சல் போட்டவர்கள் பொறியாளர்கள். எங்கே போய்க் கூச்சல் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பருத்திப்பட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த முகவரி என் கடை மட்டும்தான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பைத்தான் மொழிக்காரர்கள் 2016-லேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். மெனிலினக்ஸ் என்று பெயர். பலவகை லினக்ஸுக்கும் பொதுவாக ஒரு தொகுப்பைக் கொடுக்க வேண்டுமானால், கையில் இருக்கும் புத்தம்புதுக் கணினியில் கட்டாதே; சென்ட்ஓஎஸ் 5 போன்ற மிகப் பழைய சூழலில் கட்டு. அங்கே இருந்தது ஜிலிப்சி 2.5. பழையதன் மேல் கட்டினால் புதியதிலும் ஓடும். பிறகு காலத்துக்கேற்ப 6, 7 என்று அந்தக் கோட்டை மெல்ல நகர்த்தினார்கள். மிகவும் பின்தங்கியவரை அளவுகோலாக வைத்துக்கொள்வது தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் இல்லை. யாராவது அதை வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்டேட்டுக்குள் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிறைய வந்துவிட்டன. காலையில் கம்பெனி பஸ்களும் லேத்துக்கு இரும்புக் கம்பி ஏற்றிவரும் மினி லாரிகளும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. கட்டடத்துக்குள் இருக்கும் கணினியில் இந்த வருடம் ஓடுகிறது. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் ஷெட்டில் 2001 ஓடுகிறது. பஸ் பிடித்து ஆவடி தாண்டிப் போனால் 2016. மென்பொருள் எழுதப்படும் வருடமும் அது ஓட வேண்டிய வருடமும் ஒரே பின்கோடுக்குள் இருந்தும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. பழைய கணினி வைத்திருப்பவர் சோம்பேறி என்ற ஒரு பேச்சு உண்டு, 'அப்டேட் பண்ணிக்க வேண்டியதுதானே' என்று. அப்டேட் பண்ணுவதற்கு டேட்டா வேண்டும், நேரம் வேண்டும், நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பண்ணிய பிறகு முன்பு ஓடியது ஓடும் என்ற நம்பிக்கை வேண்டும்.

அந்தக் கட்டடங்களில் வேலை செய்யும் பையன்களும் பெண்களும் சார்ஜர் வாங்க, கீபோர்டு மாற்ற என் கடைக்கு வருவார்கள். சும்மா நிற்கும் நேரத்தில் கேட்பேன்: "நீங்க கட்டற சாஃப்ட்வேருக்குக் குறைஞ்சபட்சம் எந்த லினக்ஸ் வேணும், எந்த விண்டோஸ் வேணும்?" பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள். ஒரு பெண் மட்டும் போனை எடுத்துக் குறித்துக்கொண்டு, "தெரியலண்ணா, நாளைக்கு பில்ட் டீம்ல கேக்கறேன்" என்றாள். கீபோர்டு வேலை முடிந்து லேப்டாப்பைக் கொடுக்கும்போது, இரண்டாம் முறையாக அந்தப் பதிப்பு எண்ணைப் பார்க்கும் கட்டளை எது என்று என்னிடம் கேட்டு, அதையும் கீழே எழுதிக்கொண்டாள்.